ஓட்டுக் கேட்கத் தெரியாத லார்டு

எங்கள் வீட்டு மாடியில் சில வருடம் ஒரு லார்டு குடியிருந்தார். பட்டப்பேர் இல்லை, நிஜமான லார்டு. இங்கிலாந்து பார்லிமென்டின் மேல்சபையில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவர். அவருக்கு முன்னால் அதே இடத்தில் அவருடைய அப்பா, அதற்கு முன்னால் அவர் தாத்தா. நம் ஊரில் சில குடும்பங்களுக்குக் கோயில் தர்மகர்த்தா பதவி வருகிற மாதிரி அவர்களுக்குப் பார்லிமென்ட் வந்திருக்கிறது. புதுச்சேரியில் எங்கள் கருவடிக்குப்பத்தில் இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. அவ்வளவு பெரிய ஆள் எதற்கு உன் மாடியில், மோட்டார் போட்டால்தான் தண்ணீர் ஏறுகிற ஒற்றை அறையில் வந்து கிடக்கிறார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நானே முதல் வாரம் அதைத்தான் கேட்டேன்.

அவரைப் பிடித்துக்கொண்டு வந்தது என் வீட்டுக்காரர். டவுனில் சைக்கிளும் மொபெட்டும் வாடகைக்கு விடுகிற கடை அவருடையது. சுனாமிக்கு அப்புறம் வெள்ளைக்காரர்கள் வரத்து குறைந்து கடை ஈயடித்துக்கொண்டிருந்த நாளில் ஆறடிக்கு மேல் உயரமாக ஒரு கிழவர் வந்து சைக்கிள் கேட்டிருக்கிறார். ஏறி உட்கார்ந்தால் முட்டி இரண்டும் ஹேண்டில்பாரில் இடித்ததாம். கடற்கரைப் பக்கம் போனால் எல்லோரும் அவரைப் பிரெஞ்சுக்காரர் என்று நினைத்து "போன்ழூர் முசியே" சொல்லி இருக்கிறார்கள். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் நம்ம ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்களே, சொல்தா என்போமே, அவர்கள் நிறுத்தி வைத்துப் பிரெஞ்சில் குடும்பக் கதையெல்லாம் பேசியிருக்கிறார்கள். மனிதர் அலுத்துப் போய், பிரெஞ்சு பேசாத தெருவில் ஒரு அறை கிடைக்குமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். "எங்க மாடி சும்மாதான் இருக்குது" என்று இவர் சாவியைக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் கேட்கிற பழக்கம் கிடையாது. அவர் கேட்காமல் செய்வார், நான் கேட்காமல் இருப்பேன். காபித்தூள் தீர்ந்தால் பக்கத்து வீட்டில் ஒரு ஸ்பூன் வாங்கி வந்ததில்லை. அன்றைக்குக் காபி இல்லை, அவ்வளவுதான். டியூஷன் எடுக்கிறவள் நான். தெருவே டீச்சர் என்று கூப்பிடும். பிள்ளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்க எனக்கு நன்றாக வரும். யாரிடமாவது போய் எனக்காக ஒன்று கேட்கச் சொன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

லார்டுக்கும் அதே வியாதி என்று பிறகுதான் தெரிந்தது.

டியூஷன் முடிகிற நேரம் அவர் கீழே இறங்கி வந்து, வராந்தாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை மடக்கி உட்காருவார். நான் டீ கொடுப்பேன். டீயில் இஞ்சி போட்டால் மூக்கைச் சுளிப்பார். ஆனால் போடாதே என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார். என் டியூஷன் இங்கிலீஷை வைத்து அவர் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கறந்தேன். பெரிய மாளிகை, காடு, ஆறு எல்லாம் இருந்து, வரியிலும் ஒழுகும் கூரையிலும் போய்விட்டன. மிச்சம் இருந்தது அந்தச் சபையும், சபைக்கு வெளியே கோட்டு மாட்டுகிற கொக்கியும்தான். ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு கொக்கி, அதன் மேல் பேர் எழுதி இருக்கும். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பட்டம் என்பதால், அப்பா இறந்த பிறகு அந்தப் பேரைக்கூட மாற்றவில்லையாம். அப்பாவின் கொக்கியில் இவர் தன் கோட்டை மாட்டினார். எந்நேரமும் மழைத்தூறல் போடுகிற ஊர், கோட்டு இல்லாமல் முடியாது என்றார்.

பிறகு சட்டம் மாறியது. பரம்பரையாக வந்தவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் கொஞ்சம் பேர் மட்டும் இருந்துகொள்ளலாம், யார் யார் என்று உங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வழி வைத்தார்கள். நிற்க விரும்புகிறவர் தன்னைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். நண்பர்கள் எல்லாரும் நில்லுங்கள் என்றார்கள். இவர் நிற்கவில்லை.

"ஏன் சார்?" என்றேன்.

"கேட்க வேண்டுமே, டீச்சர்" என்றார். "முப்பது வருடம் கூட உட்கார்ந்து டீ குடித்தவர்களிடம் போய், அவனைவிட நான் மேல், எனக்குப் போடு என்று எப்படிக் கேட்பது? ஒருவேளை அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டால்?"

கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். திரும்பிப் பார்த்தபோது கொக்கிக்கு மேலே பேர்ச்சீட்டைக் கழற்றிவிட்டிருந்தார்கள், அது இருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது என்று சொன்னார். சொல்லிவிட்டு இஞ்சி டீயை முழுக்கக் குடித்தார். எனக்கு அன்றைக்குத்தான் அவர் மேல் பிரியம் வந்தது. மறுநாளிலிருந்து அவர் டம்ளருக்கு மட்டும் இஞ்சியை நிறுத்தினேன்.

இந்த நிலைமையில் எங்கள் ஊருக்கு முனிசிபல் தேர்தல் வந்தது. புதுச்சேரியில் கவுன்சிலர் என்கிற ஜந்துவையே பார்க்காமல் ஒரு தலைமுறை வளர்ந்து கல்யாணம் கட்டி பிள்ளையும் பெற்றுவிட்டது. அவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்த தேர்தல். கவுன்சிலர் ஆகிவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு உள்ளூர ஆசை. வெள்ளை வேட்டி எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். கடைசியில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

"பரவால்லம்மா, நீ நில்லு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார். வழக்கம்போல அதையும் கேட்கவில்லை, சொன்னார்.

கட்சிக்காரர்கள் அவரவர் வீட்டுப் பெண்களை நிறுத்தினார்கள். நான் சுயேச்சை. சின்னம் கோட்டு. ஆமாம், புதுச்சேரி வெயிலில் கோட்டு. போஸ்டரில் என் முகம் தபால்தலை அளவு. பக்கத்தில் கை கூப்பிக்கொண்டு என் வீட்டுக்காரர், ஆளுயரத்துக்கு. இதில் அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, பெண்கள் வார்டு முழுக்க அப்படித்தான். புருஷன் முகத்துக்கு ஓரத்தில் பொண்டாட்டி ஒரு ஸ்டாம்பு.

லார்டு போஸ்டரைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "நாம் இரண்டு பேரும் இப்போது ஒன்றுதான் டீச்சர். எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. உங்களுக்குக் கணவரிடமிருந்து" என்றார்.

சுருக்கென்று குத்தியது. அன்றைக்கு அவருக்கு டீயே கொடுக்கவில்லை.

குத்தியதற்குக் காரணம் இருந்தது. அதற்குள் எனக்கே அந்தப் பதவி வேண்டும் என்றாகிவிட்டது. எங்கள் தெருவில் மூடாத வாய்க்கால் ஒன்று போகிறது. ஒரு மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் டியூஷன் அறைக்குள் வந்துவிடும். பிள்ளைகள் காலைத் தூக்கி பெஞ்சில் வைத்துக்கொண்டு கணக்குப் போடும். லார்டு மேல்சபையில் பேசியது கொஞ்சம்தான், அதில் பாதி ஆற்றில் சாக்கடை கலப்பது பற்றியாம். அந்த விஷயத்தில் மனிதருக்குக் கூச்சமே கிடையாது. குடைக்கம்பை விட்டு ஆழம் பார்த்து, வாட்டம் தப்பாக இருக்கிறது, தண்ணீர் போக வேண்டிய பக்கம் மேடாக இருக்கிறது என்று எனக்குக் காட்டினார். கடற்கரையில், மேரி என்று பிரெஞ்சுப் பேரில் நாங்கள் சொல்லும் முனிசிபல் கட்டடத்தில், கவுன்சில் கூட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இதை நான் சொல்ல வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அந்த நாற்காலிக்குப் போகிற வழியில் எத்தனை வாசல்! ஒவ்வொரு வாசலிலும் நான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

நான் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டார். "எங்க வூட்டுக்காரி நிக்கிறா, கோட்டு சின்னம், மறந்துடாதீங்க" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் பின்னால் மாலையும் கழுத்துமாக, பொண்ணு பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி நின்றேன்.

எதிர்வீட்டு அக்கா வாசலில்தான் இந்த ஊர்வலம் நின்றது. அந்த அக்காவுக்கும் எனக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. எங்கள் குளியலறைத் தண்ணீர் அவர்கள் கோலத்தின் மேல் ஓடியது என்பதில் தொடங்கிய சண்டை. ஆனால் ஓட்டுக் கேட்கப் போனால் பகையாளி வீட்டை விட முடியாது. விட்டால் "எங்க வூட்ட மட்டும் தாண்டிக்கினு போய்ட்டா" என்று அது ஒரு புதுச் சண்டையாகிவிடும். நான் தெருவிலேயே நின்றுகொண்டேன். வீட்டுக்காரர் மட்டும் படியேறிக் கேட்டார்.

அக்கா என்னைப் பார்க்காமல், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னது: "நீ நிக்கிறியா, அவ நிக்கிறாளா? நிக்கிறவ வந்து கேக்கட்டும்."

"போனா போவுது வுடு, ஒரு வூடுதானே" என்று வீட்டுக்காரர் சிரித்தபடி இறங்கி வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்கா சொன்னது ரொம்பச் சரி என்பதுதான் எனக்கு எரிச்சல்.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனேன். லார்டு கைப்பிடிச்சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்தார். சாதாரணமாகக் கோடை வெயில் ஏறுவதற்கு முன்னால் இங்கிலாந்துக்குக் கிளம்பிவிடுவார். அந்த வருடம் என் தேர்தலுக்காக இருந்துவிட்டு, வெந்த இறால் நிறத்துக்கு வந்திருந்தார். நடந்ததையெல்லாம் மேலேயிருந்து பார்த்திருக்கிறார்.

"எனக்கு வரல சார். கேட்க வரல" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. "சரி, இங்க யாரும் இல்ல. என்கிட்ட கேளுங்க பாக்கலாம். அப்புறம் நான் உங்ககிட்ட கேக்கிறேன்" என்றேன். வீட்டுப்பாடம் செய்யாத பையனிடம் பேசுகிற குரலில் சொல்லியிருப்பேன் போல. மனிதர் உள்ளே போனார். அந்தப் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கம்பளிக் கோட்டு, முழங்கையில் தோல் ஒட்டுப் போட்டது. என் எதிரில் நேராக நின்று, நம்மவர்கள் மாதிரி கை கூப்பி, "டீச்சர், தயவுசெய்து உங்கள் ஓட்டை எனக்குப் போடுவீர்களா?" என்றார்.

"போட மாட்டேன்" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் அவர் காது இரண்டும் சிவந்து போயிற்று. கூப்பிய கை அப்படியே நின்றது. "ஏன்?" என்றார், நிஜமாகவே.

"இத்தன வருஷம் கேக்காத ஆளு, இப்ப வந்து கேட்டா உடனே போட்டுடணுமா?"

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். இதற்குத்தான் பயந்தேன் என்றார். சும்மா விடுவேனா? "இப்ப என்ன ஆயிடுச்சி? உசுரா போயிடுச்சி?" என்றேன். அவர் கோட்டின் நெஞ்சுப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இல்லை, அப்படி ஒன்றும் போகவில்லை" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். துணி எடுக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் தனியாக எதிர்வீட்டுப் படி ஏறினேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. "யக்கா, நான் நிக்கிறேன். எனக்கு ஓட்டுப் போடுக்கா" என்றேன். ஒரே மூச்சில் சொன்னதில் இருமல் வந்துவிட்டது. அக்கா எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

"இத்தினி வருஷத்துல நீ என்னை ஒண்ணு கேட்டு இன்னிக்கிதான் பாக்கிறேன்" என்றது. பிறகு, "ஆனா ஓட்டு உனக்கு இல்ல டீச்சரு. என் தம்பி மருமவ நிக்கிறா இல்ல? அவளுக்குன்னு வாக்குக் குடுத்துட்டேன். மனசுல வெச்சிக்காத. காபி குடிக்கிறியா?"

எனக்கு மாடிதான் ஞாபகம் வந்தது. உசுரா போயிடுச்சி? போகவில்லை. காபி குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. புறப்படும்போது அக்கா என் நெற்றியில் குங்குமம் வைத்து, "கேட்டுக்கினு வந்துட்டே இல்ல, போய் மத்த வூட்டுலயும் கேளு" என்றது. வெளியே வெள்ளை வேட்டியில் தயாராக நின்ற வீட்டுக்காரரிடம், "நீங்க கடைக்குப் போங்க. நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் முகத்தை இன்று நினைத்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போனார்.

அதற்குப் பிறகு ஒரு வாசலையும் விடவில்லை. அத்தே, மாமா, அண்ணி என்று முறை வைத்துக் கேட்டேன். போடறேன் என்றார்கள், பாப்போம் என்றார்கள், கதவைச் சாத்தவும் சாத்தினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மோர் குடித்து வயிறு கடமுடா என்றது.

லார்டு அந்த நாட்களில் தன் கோட்டைக் கழற்றவே இல்லை. வெளிநாட்டுக்காரர் பிரசாரத்துக்கு வரக் கூடாது என்று அவருக்கும் தெரியும். அதனால் வாய் திறக்க மாட்டார். கொளுத்துகிற வெயிலில் கம்பளிக் கோட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போவார், வருவார், மறுபடி போவார். வேர்வை கழுத்தில் வாய்க்கால் மாதிரி ஓடும். போலீஸ்காரர் ஒருத்தர், இந்த வெயில்ல எதுக்கு துரை கோட்டு என்று கேட்டபோது, "குளிர்" என்று தமிழில் சொன்னாராம். டீக்கடையே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. அப்படி ஒரு தொண்டர் எந்தக் கட்சிக்கும் கிடைக்கவில்லை.

நான் தோற்றேன். இரண்டாவதுகூட இல்லை, மூன்றாவது. அக்காவின் தம்பி மருமகள்தான் ஜெயித்தது. முடிவு தெரிந்த அன்று வீட்டுக்காரர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் மத்தி மீன் குழம்பு வைத்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல டியூஷன் எடுத்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வருத்தம் இருந்தது, அழுகை வரவில்லை. எனக்கு விழுந்த ஓட்டெல்லாம் நானே கேட்டு வாங்கியவை. எந்தெந்த வாசல் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். லார்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றவள் எப்படி இருப்பாள் என்று பார்க்க வந்தவர் மாதிரி இருந்தது அவர் பார்வை.

அடுத்த வருடம் உடம்பு முடியாமல் ஊருக்குப் புறப்பட்டார். கோட்டை விட்டுவிட்டுப் போனார். அடுத்த தேர்தலுக்கு உங்களுக்கு வேண்டியிருக்கும் என்றார். அந்தக் கவுன்சில் காலம் முடிந்து, அடுத்த தேர்தல் இதோ வருகிறது அதோ வருகிறது என்று இன்றுவரை வந்தபாடில்லை. டியூஷன் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்துக் கோட்டை மாட்டி, பையில் ரசகற்பூரம் போட்டு வைத்திருக்கிறேன். வாய்க்காலும் அப்படியேதான் இருக்கிறது.

அவர் போய் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். ஒரு சாயங்காலம் போன் வந்தது.

"டீச்சர், நான் நின்றேன்" என்றார். ஹலோகூடச் சொல்லவில்லை.

அங்கே மிச்சம் வைத்திருந்த பரம்பரை லார்டுகளில் ஒருவர் இறந்துவிட்டார். அப்படி ஓர் இடம் காலியானால் வெளியே அனுப்பப்பட்டவர்கள் நிற்கலாம், உள்ளே இருக்கிறவர்கள் ஓட்டுப் போடுவார்கள். இவர் நாலு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். அதோடு விடவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், எனக்குப் போடுங்கள் என்று வாய் திறந்து கேட்டிருக்கிறார். ஒரு வாசலையும் விடவில்லை என்றார். குரல் நடுங்கியது, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

"எவ்வளவு விழுந்துச்சி சார்?"

"ஒன்றுமில்லை. பூஜ்யம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணுகூடவா? முப்பது வருஷம் கூட உக்காந்து டீ குடிச்சவங்க ஒருத்தர்கூடவா போடல? அந்த ஊர்ல மனுஷங்களே இல்லியா? எனக்கு மட்டும் அங்க ஒரு ஓட்டு இருந்திருந்தா..."

"டீச்சர், உங்களைத்தானே முதலில் கேட்டேன்" என்றார் லார்டு. "முடியாது என்றுவிட்டீர்கள்."

நான் திரும்பினேன். கதவுக்குப் பின்னால் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தன.

"போடறேன் சார்" என்றேன். "உங்களுக்குத்தான் போடறேன்."

அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அப்படியானால் பூஜ்யம் இல்லை டீச்சர், ஒன்று" என்றார்.